சத்தம் வருது, படம் வரலை

கல்யாண வீடியோ ஒரு விசித்திரமான சமாசாரம். வந்த புதிதில் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து மூன்று மணி நேரம் வதைப்போம். அப்புறம் பத்து வருஷத்துக்கு அதைச் சீண்ட மாட்டோம். பிறகு ஒருநாள், அந்த வீடியோவில் ஓடியாடிப் பந்தி விசாரித்த ஒருவர் இல்லாமல் போவார். அன்றைக்கு ‘அந்த டிஸ்க் எங்கே?’ என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டுவோம்.

என் அத்தை மகள் கல்யாணம் 2006ல் அரியலூரில் நடந்தது. வீடியோ ஆரம்பத்தில் ஒரு ரோஜாப்பூ சுழன்று சுழன்று விரியும். அதற்குள்ளிருந்து ‘அரியலூர், பெரம்பலூர் மாவட்டம்’ என்று எழுத்து வரும். இப்போது பார்க்கிற பிள்ளைகள் தப்பு என்பார்கள். தப்பில்லை. பெரம்பலூர் 1995ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002ல் மறுபடி ஒட்டவைத்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல்விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் இரண்டு டிவிடி கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு இரவல் போய் வந்ததில் இரண்டிலும் கீறல். 2009ல் மச்சான் சிங்கப்பூர் போகும்போது, ஓடுகிற நிலைமையில் இருந்ததைச் சுருக்கி ஒரு ஃபைலாக்கி எடுத்துப்போனார். 2016ல் மாமா காலமானார். 2018 பொங்கலுக்கு நான் போனபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தக் கல்யாணப் படத்த எனக்குப் போட்டுக் குடுப்பா.”

அத்தையிடம் இருந்தது கவர்மென்ட் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. கூடவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகிய பழைய டிவிடி பிளேயர். பென் டிரைவ் சொருக அதில் இடமில்லை. “தட்டுல வச்சு ஒரு பட்டன அமுக்குனா ஓடணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார்.

மச்சான் ஃபைலை அனுப்பிவைத்தார். என் லேப்டாப்பில் போட்டால் நாதஸ்வரம் ஜோராக வருகிறது. திரை மட்டும் கன்னங்கரேல். நான் படித்தது பி.காம். பேலன்ஸ் ஷீட் கறுப்பாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியும், இதற்குத் தெரியாது. பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

“இது ஏவிஐ ஃபைல்ணே” என்றார் தம்பி. ஏவிஐ என்பது வெறும் டப்பா. உள்ளே இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அந்த முறைக்குப் பெயர் கோடெக். மேலே ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அரியலூராக இருக்கலாம் இல்லையா, அந்த மாதிரி. மச்சானின் ஃபைலுக்குள் இருந்தது எக்ஸ்விட். அதைப் பிரித்துக் காட்டும் வித்தை என் லேப்டாப்பில் இருந்த பிளேயருக்குத் தெரியவில்லை. தம்பி வி.எல்.சி. பிளேயரில் போட்டார். மணமேடை பளிச்சென்று வந்தது. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்து, 2001லிருந்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த சாஃப்ட்வேர் அது. வேண்டிய கோடெக்குகளைப் பெரும்பாலும் தன் பையிலேயே வைத்திருக்கும்.

ஏன்தான் சுருக்குகிறார்கள்? நம் ஊர் டிவிடியில் ஒரு விநாடிக்கு 25 படம். ஒவ்வொன்றிலும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். சுருக்காமல் அப்படியே எழுதினால் 4.7 ஜிபி டிஸ்க் இரண்டரை நிமிஷத்தில் நிரம்பிவிடும். மாப்பிள்ளை அழைப்பில் கார் கதவைத் திறப்பதோடு டிஸ்க் முடிந்துபோகும்.

எப்படிச் சுருக்குகிறார்கள் என்று தம்பி சொன்னபோது எனக்குப் பழைய பேரேடு ஞாபகம் வந்தது. முதல் படத்தை முழுசாக எழுதுவார்கள். அது ஆரம்ப இருப்பு. அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போவார்கள். அவை வரவு, செலவு. அம்மி அசையவில்லையா? அம்மியைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். டிவிடியில் அரை விநாடிக்கு ஒரு தடவை புதிதாக இருப்புக் கட்டுவார்கள். எக்ஸ்விட்டில் பத்து விநாடிவரைகூட கட்டாமல் விடுவதுண்டு. ஃபைல் சின்னதாகும். ஆனால், நடுவில் ஒரு பக்கம் கிழிந்தால் அடுத்த இருப்பு வரும்வரை எல்லாக் கணக்கும் தப்பு.

கிழிந்துதான் இருந்தது. டிவிடியாக மாற்றும்போது சரியாக 47வது நிமிஷத்தில் சாஃப்ட்வேர் நின்றுபோனது. நான் வேறு சாஃப்ட்வேர் பார்க்கலாமா, வேறு டிஸ்க் போடலாமா என்று யோசனை சொன்னேன். தம்பி சிரித்தார். “டிஸ்க்க மாத்தி மாத்தி எரிச்சா காசுதாண்ணே போகும். அடுப்புல கோளாறு இல்ல, அரிசியிலயே கல்லு இருக்கு.”

ஒரிஜினல் ஃபைலையே 47வது நிமிஷத்துக்குத் தள்ளிக் காட்டினார். பந்தி நடக்கிற காட்சி. வாழை இலையோடு சேர்ந்து எல்லார் முகமும் பச்சைக் கட்டம் கட்டமாகக் கலைகிறது. ஒன்பது விநாடி. ஹார்ட் டிஸ்க் மாற்றி ஹார்ட் டிஸ்க் காப்பி செய்ததில் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோவில் கேட்டுப் பார்த்தேன். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். கேசட்டுகளை அன்றைக்கே அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப்போய்விட்டார்களாம்.

“ஒம்பது விநாடிதாண்ணே. வெட்டி ஒட்டிரலாமா? ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் தம்பி.

எதற்கும் இருக்கட்டும் என்று அத்தைக்குப் போன் போட்டேன். “பந்தியா? ஐயோ வெட்டிராத. அந்த எடத்துலதான் மாமா பேசுவாரு” என்றார்.

மூன்று மணி நேர வீடியோவில் மாமா வாய் திறப்பது அந்த ஓர் இடத்தில்தான். மற்ற நேரமெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

தம்பி மறுபடி உட்கார்ந்தார். ஒரே டப்பாவுக்குள் இருந்தாலும் படம் தனி ஓட்டம், சத்தம் தனி ஓட்டம். முதலில் சத்தத்தை மட்டும் தனியே உருவினார். அது ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வந்தது. டிவிடிக்கு 48,000 ஹெர்ட்ஸ் கணக்கு வேண்டும் என்பதால் அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டார். எம்பி3யைப் பிரிக்காமல் மாற்றினால் போகப்போக உதடு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம் ஆகிவிடுமாம். பிறகு படத்தை அடிபட்ட இடத்துக்கு முன், பின் என்று இரண்டு துண்டாக மாற்றினார். நடுவில் ஒன்பது விநாடிக்குக் கடைசியாக நன்றாக இருந்த படத்தை அப்படியே நிறுத்திவைத்தார். சாம்பார் வாளியோடு மாமா நிற்கிறார். அசையவில்லை. குரல் மட்டும் வருகிறது: “என்னய எதுக்குப்பா எடுக்கற? போயி மொதல்ல சாப்புடுங்க.”

பெரிய ஃபைல் என்பதால் இரண்டு டிஸ்க். வேகம் குறைத்து எழுதி, கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்து கொடுத்தார். ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் கம்ப்யூட்டரில் ஓடும், அத்தையின் பிளேயரில் ஓடாது. டிவிடிக்கே உரிய எம்பெக்-2 முறையில், அதற்குரிய ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

அத்தை அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். படம் அங்கே நின்றுபோகும் அத்தை, சரிசெய்ய முடியவில்லை என்றேன். “மொகந்தான் செவுத்துல மாட்டியிருக்கேப்பா. கொரலுதான் மறந்துபோச்சு” என்றார்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வயசு. கோடெக் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாம் எடுத்த வீடியோக்களோ பத்து வருஷத்தில் பச்சைக் கட்டமாகின்றன. வீட்டில் எழுதிய டிவிடி சாயத்தில் பதிவாவது, அது மங்கும். இப்போது வரும் புது லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி போடவே இடம் கிடையாது.

ஆகவே, டிஸ்க்கில் இருப்பதைச் சீக்கிரம் ஃபைலாக்குங்கள். இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்த கல்யாணத்தில் வீடியோக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: பந்தி நடக்கும்போது மட்டும் பாட்டுப் போட வேண்டாம் என்று.