வேட்டியை நம்பாதீங்க, தம்பி

சிவகாசி வட்டாரத்தில் ஆடியிலேயே அடுத்த வருடம் பிறந்துவிடும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்குச் சில நாள் முன்பு, திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் குன்றுக்குப் பக்கத்துத் தெருவில், கலர் கரெக்‌ஷன் செய்யும் ஓர் அறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சாம்பல் பூசிய சுவர், ஜன்னலில் கறுப்புத் திரை. புரூஃப் பார்க்கும் மேசைக்கு மேல் 5,000 கெல்வின் விளக்கு. வேலை பார்த்த அக்கா, குங்குமச் சிவப்புச் சேலைக்கு மேல் சாம்பல் நிறச் சட்டை மாட்டியிருந்தார். சேலையின் சிவப்பு திரையில் பட்டால் கண் ஏமாந்துவிடுமாம்.

முதலில் ஒரு கடை முதலாளியின் படம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. முகமெல்லாம் பச்சை ஓடியிருந்தது. “நிறமே இல்லாத ஒரு இடத்தைக் காட்டுங்க” என்றார். நான் வெள்ளை வேட்டியைக் காட்டினேன். அங்கே சொடுக்கியதும் முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

“வேட்டியை நம்பாதீங்க, தம்பி. நீலம் போட்டுத் துவைச்சது. நெத்தியைப் பாருங்க.”

நெற்றியைப் பெரிதாக்கினார். விபூதி மெலிந்த இடத்தில் தோல் தெரியும் என்பதால், பட்டை தடித்திருந்த ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்தார். சிவப்பு 188, பச்சை 201, நீலம் 187. மூன்றும் சமமானால்தான் அது சாம்பல். பச்சையின் வளைகோட்டை மட்டும் மெல்ல இறக்க, முகத்துக்கு உயிர் வந்தது. வேட்டியில் லேசான நீலம் தங்கியது. அது அந்த வேட்டியின் சொந்த நிறம்.

மையில் இந்தச் சமக் கணக்கு செல்லாது. அச்சில் நடுச்சாம்பல் வர சயான் 50 சதவீதம் என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் 40 சதவீதம் போதும். சயான் மை சுத்தமானதல்ல. தான் விழுங்க வேண்டிய சிவப்பு ஒளியோடு பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். மூன்றையும் சமமாகப் போட்டால் சாம்பல் பழுப்பேறிவிடும்.

அடுத்தது விளக்கொளியில் எடுத்த உற்சவர் படம். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜூ (1898–1976) வரைந்த காலண்டர் சாமிகளுக்கு எந்த ஒளி என்பதை அவரே தீர்மானித்தார். புகைப்படத்திலோ அங்கே எரிந்த விளக்கின் நிறம் ஒட்டிக்கொண்டே வரும். வெள்ளிக் கவசத்தை வைத்து அந்த மஞ்சளை முழுக்க எடுத்துவிடலாமே என்றேன். அக்கா பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

“மிச்சத்தையும் எடுத்தா சாமியை வெயில்ல நிறுத்துன மாதிரி ஆயிரும்.”

சந்நிதியில் நிற்கும்போது நம் கண் விளக்கின் மஞ்சளுக்குப் பழகி, அதைப் பாதி மறந்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கண் மறந்ததை மட்டும் எடுத்துவிட்டு, கண் கண்டதை விட்டுவைத்தார் அக்கா. எண்ணைக் கணினி காட்டும். எந்த வெள்ளையை நம்பலாம், எந்த மஞ்சளை விட்டுவைக்கலாம் என்பதை, துவைத்தும் கும்பிட்டும் வாழ்ந்தவர்தான் சொல்ல முடியும்.

சாயங்காலம் புரூஃப் வந்தது. மேசை விளக்கில் சரிபார்த்த பிறகு, அதை வெளியறைக்கு எடுத்துப்போய்ச் சாதாரண டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தார்.

“வருசம் பூரா இந்த வெளிச்சத்துலதானே தொங்கப் போவுது.”