புகையின் நிறம்

தருக்க நூல்களில் அனுமானத்துக்குச் சொல்லப்படும் பழைய எடுத்துக்காட்டு, மலைமேல் புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறிவது. குறியியல் வகுப்பில் பியர்ஸின் சுட்டுக்குறியை விளக்கும்போதும் அதே புகைதான் வரும். இரண்டிலும் புகைக்கு நிறமில்லை. மும்பைத் துறைமுகத்தில் வாடகைக்கு ஓடும் உல்லாச மோட்டார் படகுகளில், பணியாளர் பேச்சை ஆராயச் சென்றபின்தான் அது எனக்கு ஒரு குறையாகப் பட்டது.

நான் 'காகா' என்றழைக்கும் முதிய என்ஜின் பணியாளர், என்ஜினைக் கிளப்பியதும் பின்தளத்துக்குச் சென்று புகையைப் பார்ப்பார். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. அல்லது சுழல்விசிறியில் வலையோ கயிறோ சுற்றிச் சுமை கூடியிருக்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை, குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது இயல்பு. சூடேறிய பின்னும் நீடித்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது எங்கோ நீர் ஆவியாகிறது.

இவர்களுடைய இந்தியில் என்ஜின் ஆயிலைத் தின்னும். எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்தால், அதை என்ஜினே எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நம் ஊரிலும் வண்டி பெட்ரோல் குடிக்கத்தான் செய்கிறது. அஃறிணையை எழுவாயாக்கும் இவ்வழக்கை வெறும் உருவகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பயன் இருக்கிறது.

சென்ற ஆண்டு மாண்ட்வாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒற்றை என்ஜின் படகு. மேலே ஒரு பிறந்தநாள் கூட்டம். திடீரெனக் காகா, "கோரடா கோக்லா" என்றார். மராத்தியில் வறட்டு இருமல். இத்தகைய என்ஜின்களில் குளிர்விக்க உறிஞ்சப்படும் கடல்நீர், புகையோடு கலந்து குழாய்வழி வெளியே கொப்பளிக்கும். அந்த ஈர ஒலி நின்றுபோயிருந்தது. வெப்பமானி அசையவில்லை, அது உட்சுற்றில் ஓடும் குளிர்நீரின் சூட்டைக் காட்டுவது, ஆகவே பிந்தித்தான் ஏறும். அதற்குள் புகைக்குழாயின் ரப்பர் வெந்துவிடக்கூடும். வேகத்தைக் குறைத்து, கப்பல் தடத்தை விட்டு விலகி, நங்கூரம் இட்ட பிறகே என்ஜினை நிறுத்தினார்கள். நின்ற படகை நீரோட்டம் கப்பல் முன் கொண்டுபோய் நிறுத்தினால், பழுது பார்க்க நேரமிராது.

கடல்நீர் வால்வை மூடி வடிகட்டியைத் திறந்தபோது பிளாஸ்டிக் பை ஒன்று சுருண்டு கிடந்தது. இந்தத் துறைமுகத்தில் அது வியப்பன்று. பம்பினுள் இருக்கும் ரப்பர் இம்பெல்லருக்கு நீரே மசகு. நீரின்றிச் சுழன்றால் சில நிமிடங்களில் கருகும். இரண்டு இதழ்கள் உடைந்திருந்தன. புதியதைப் பொருத்துவதோடு காகா நிற்கவில்லை, உடைந்த துண்டுகளையும் தேடி எடுத்தார். விட்டால் அவை வெப்பமாற்றியின் வாயை அடைத்துக்கொள்ளும். குளிர்நீர்த் தொட்டியின் மூடியை மட்டும் ஒருவரையும் தொடவிடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

வாய்மொழி அறிவின் பெருமையைப் பாடி இங்கே முடித்துவிடலாம். நம் துறையில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வேறொரு நாள், டீசல் வடிகட்டியை மாற்றியபின் காற்றுப் புகுந்து என்ஜின் கிளம்பவில்லை. காகா ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஓட்டுநர் ஓடிவந்து தடுத்தார். என்ஜின் கிளம்பாமல் சுழலும்போதும் பம்ப் கடல்நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெளித்தள்ளப் புகையின் அழுத்தம் இராது. நீர் பின்னேறி சிலிண்டருக்குள் புகுந்தால் என்ஜினே பாழாகும். அதுவரை வால்வை மூடிவைத்து, கிளம்பியதும் உடனே திறக்க வேண்டும். ஓட்டுநர் இதைக் கையேட்டில் படித்திருந்தார். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. புறப்படுமுன் காகா 'டிக்' இட வேண்டிய சரிபார்ப்புத் தாளும் ஆங்கிலத்தில்தான். அவர் எல்லாக் கட்டங்களிலும் டிக் இடுகிறார்.

மூவருமாக இப்போது அந்தத் தாளை மராத்தியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'வெளியேறும் நீர் குறைவு' என்று எழுதினால் போதும் என்கிறார் ஓட்டுநர். நீர் குறைந்ததைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், இருமல் நின்ற இடத்திலேயே கேட்கும் என்கிறார் காகா. இப்போதைக்கு இரண்டையும் எழுதியிருக்கிறோம். படகின் உரிமையாளர் இன்னும் ஒப்புதல் தரவில்லை.