விளக்கேற்றக் காத்திருக்கும் வாசல்

மோகனூர் என்னும் பெயர் பிறந்த கதையை நாமக்கல் வட்டாரத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. நாரதர் கொண்டுவந்த ஞானக்கனி அண்ணனுக்குச் சென்றது. மயிலேறி உலகைச் சுற்றிவந்த இளையவர் கோபித்துக்கொண்டு கயிலையை விட்டுப் புறப்பட்டார். அன்னை பார்வதி பின்தொடர்ந்து வந்து 'மகனே' என்று அழைத்தாள். அந்தக் குரலுக்கு முருகப்பெருமான் ஒரு கணம் நின்ற இடம் 'மகன் ஊர்' ஆகி, பின்னர் 'மோகனூர்' என மருவியது என்கிறது தலவரலாறு. அவர் நின்ற இடமே காந்தமலை. அம்மையும் அப்பனும் காவிரிக் கரையிலேயே கோயில் கொண்டார்கள்.

வீட்டை விட்டுப் போன ஒரு பிள்ளையின் பெயரால் அமைந்த ஊர் இது. அதன் கோயில் தெருக்களில் நடந்து செல்பவர்களுக்கு இந்தக் கதை இன்று வேறொரு பொருளையும் தருகிறது.

அசையாத தீபம்

காவிரியின் வடகரையில் அமைந்துள்ள சிவாலயத்தில் இறைவனின் திருநாமம் அசலதீபேஸ்வரர். 'அசலம்' என்றால் அசையாதது. ஆற்றங்கரைக் காற்று எவ்வளவு வீசினாலும் சந்நிதியின் தீபச்சுடர் ஆடாமல் நின்று எரியும் என்பது ஐதிகம். அம்பிகை மதுகரவேணி, வண்டுகள் மொய்க்கும் கூந்தலை உடையவள். ஊரில் கல்யாண பிரசன்ன வெங்கட்ரமணப் பெருமாளுக்கும் ஆலயம் உண்டு. ஆற்றோரத்து நாவல் மரத்தடியில் நாவலடி கருப்பண்ணசாமி காவல் இருக்கிறார். தீராத வழக்கையும் தீராத மனக்குறையையும் சீட்டில் எழுதி அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

நாமக்கல் வட்டாரத்து ஊர்களில் குடமுழுக்கு என்றால் தீர்த்தக்குடம் எடுக்க மக்கள் மோகனூர்க் காவிரிக்கே வருவார்கள். மஞ்சள் ஆடையும் வேப்பிலையுமாக அவர்கள் நீர் முகந்து செல்லும்போது தெருவே மேளச் சத்தத்தில் நிறைந்துவிடும். ஆடிப்பெருக்கில் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் ஊர் அமைதியானது. கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த வயல்களுக்கு, ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் காவிரி நீர் ஓடிவருகிறது. எதிர்க்கரையில் வாங்கல். ஒரு காலத்தில் பரிசலில் கடந்த ஆற்றை இன்று பாலம் கடக்கிறது.

தெருவில் ஓர் ஓட்டு வீடு

கோயிலை அடுத்த பழைய தெருக்களின் வீடுகள் பெரியவை அல்ல. இருபுறமும் திண்ணை, நடுவே நிலைவாசல், உள்ளே ஆசாரம், அதையடுத்துச் சமையற்கட்டு, புறக்கடையில் ஒரு கிணறு, கிணற்றடியில் துளசி மாடம். வசதி படைத்தவர்கள் தொட்டிக்கட்டு வீடு கட்டினார்கள். மற்றவர்களுக்கு ஓட்டுச் சாய்ப்பும் இரண்டு அறைகளுமே போதுமாக இருந்தன. ஆனால் எவ்வளவு சிறிய வீடானாலும் வாசலின் இருபக்கச் சுவரிலும் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி இருக்கும். கார்த்திகை மாதத்து மாலைகளில் அந்த மாடக்குழி விளக்குகளே தெருவின் விளக்குகள்.

இத்தகைய தெருக்களில், மோகனூர் ஆனாலும் காவிரிக் கரையின் வேறு ஊர் ஆனாலும், அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ சென்றுவிடுவார்கள். பெற்றோர் இருக்கும்வரை வீட்டில் விளக்கெரியும். அவர்களுக்குப் பின் பூட்டுத் தொங்கும். இரண்டு மழைக்காலம் ஓடு மாற்றாமல் விட்டால் நீர் கசிந்து சட்டம் இற்றுப்போகும். பிறகு கரையான் வரும். பல வீடுகள் இவ்விதமே வீழ்ந்தன. சில வீடுகளை மட்டும் உரியவர்கள் செப்பனிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, நிலைக்கதவுக்கு எண்ணெய் பூசி, பிறகு 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டுகிறார்கள். புதுப்பித்த பின் ஏன் விற்கவேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்பதுண்டு. விற்கப்போகும் வீட்டுக்கு ஏன் இத்தனை செலவு என்று உறவினர் கேட்பதும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு ஆலய மரபில் விடை இருக்கிறது. பழுதுபட்ட கோயிலைச் சீர்செய்வதை ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்கின்றன. புதிதாக ஒரு கோயில் கட்டுவதைவிடப் பழுதுற்றதைப் புதுப்பிப்பது மேலான புண்ணியம் என்று பெரியோர் கூறுவர். திருப்பணி நடக்கும் நாட்களில் மூர்த்தியின் சாந்நித்தியம் பாலாலயத்தில் எழுந்தருளியிருக்கும். அங்கே ஒருவேளை பூஜையும் தவறாது. கோயிலைப் பிரித்தாலும் விளக்கு அணையக்கூடாது என்பதே அதன் உட்பொருள். பெற்றோர் வாழ்ந்த வீட்டைச் செம்மை செய்து, விளக்கேற்றும் இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதும் அந்த வழியில் வந்த ஒரு சிறு திருப்பணியே.

காக்கப்பட்ட மூன்று வீடுகள்

மோகனூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஒரு காவலரின் குடும்பத்தில் பிறந்தார் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஓவியராகத் தொடங்கி, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு வழிநடைப் பாடல் தந்து, சிறை சென்று, 1949இல் அரசவைக் கவிஞரானவர். உலகம் அவரை 'நாமக்கல் கவிஞர்' என்றே அறிந்தது. ஆயினும் அவர் காவிரியை முதலில் கண்டது மோகனூரில்தான். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. அங்கே நூலகம் இயங்குகிறது. ஒரு கவிஞர் எழுதிய வீட்டில் இன்று பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கிறார்கள்.

அதே நாமக்கல்லின் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றியது கணிதமேதை ராமானுஜனின் குடும்பம். 1887இல் ஈரோட்டில் பாட்டனார் வீட்டில் பிறந்த அவர் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில். தந்தை துணிக்கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியவர். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் எழுதியும் அழித்தும் பழகிய பிள்ளையே 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். பின்னாளில் சாஸ்திரா பல்கலைக்கழகம் வீட்டை வாங்கி, பழைய அமைப்பு மாறாமல் புதுப்பித்தது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். திண்ணையில் நின்று பார்த்தால் சாரங்கபாணிப் பெருமாளின் ராஜகோபுரம் கண்ணில் நிறையும். அந்த வீட்டில் நிற்பவருக்குக் கோயிலையும் கணிதத்தையும் பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

சென்னைத் திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலும் ஒரு வீடு உண்டு. பார்த்தசாரதிப் பெருமாள் ஆலயத்துக்கு அருகே மகாகவி பாரதியார் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த வீடு அது. 1921இல் அவர் மறைந்த பின் பல கைகள் மாறிய அந்த வீட்டை 1993இல் தமிழக அரசு வாங்கிப் புதுப்பித்துப் பாரதியார் இல்லமாக்கியது.

மூன்றும் புகழ்பெற்றவர்களின் வீடுகள். பெயரறியாத குடும்பங்களின் வீடுகளைக் காக்க அரசோ பல்கலைக்கழகமோ வராது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா காட்சியகத்தில், ஊர்ப்புறங்களிலிருந்து பிரித்தெடுத்த பழைய வீடுகளை அப்படியே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். தூண், கதவு, திண்ணை எல்லாம் அங்கே வந்திருக்கின்றன. ஆனால் சுவாமி புறப்பாடு வரும் தெருவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. கோயில் தெரு வீட்டின் பெருமை, உற்சவ நாளில் இறைவன் தானே வாசலுக்கு வந்து நிற்பதில் இருக்கிறது. நடக்க இயலாத மூதாட்டி திண்ணையில் அமர்ந்தபடியே அர்ச்சனைத் தட்டை நீட்டுவாள். பூட்டிய வீட்டின் முன் பல்லக்கு நிற்காமல் கடந்துவிடும்.

வாங்குவோர் அறியவேண்டியவை

பழைய வீட்டை வாங்க எண்ணுவோர் முதலில் மனையைப் பற்றி விசாரிக்கவேண்டும். சந்நிதித் தெருக்களிலும் மாட வீதிகளிலும் பல மனைகள் கோயிலுக்குச் சொந்தமானவை. கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது, அடிமனைக்குக் கோயிலுக்கு வாடகை செலுத்தி வருவார்கள். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. ஆகவே பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றோடு கோயில் அலுவலகத்தில் அடிமனை நிலவரத்தையும் கேட்டறிவது அவசியம். தெய்வத்தின் சொத்தை அறியாமல் வாங்கிவிட்டு வருந்துவதைவிட முன்னரே கேட்டுத் தெளிவது நல்லது.

அடுத்தது சுவர். அந்நாளைய செங்கற் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பப்பட்டவை. சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்கள். அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கும். புதுப்பித்த வீடு என்று சொன்னால், எதைக்கொண்டு புதுப்பித்தார்கள் என்று கேட்கவேண்டும். சட்டங்களைத் தட்டிப் பார்க்கவேண்டும், கரையான் தின்ற மரம் உட்குழிந்த ஓசை தரும். மழைக்கு முன்பு ஓடுகளைப் பிரித்து உடைந்தவற்றை மாற்றும் வேலை ஒருமுறையோடு முடிவதன்று. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்றால், ஓட்டு வீட்டுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓட்டு வேலை உண்டு.

மூன்றாவது, திண்ணை. வீட்டை வாங்கியவர்கள் வண்டி நிறுத்துவதற்காக முதலில் இடிப்பது அதைத்தான். வழிப்போக்கருக்கு நிழலும், அடியாருக்கு இருக்கையும், மாலையில் கதை கேட்கும் குழந்தைகளுக்கு மடியுமாக இருந்த இடம் அது. அதை இழந்த வீட்டில் வாசற்கோலத்துக்கும் இடமில்லை, வருவோர் இளைப்பாறவும் வழியில்லை.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அதிக விலை தருபவர் யார் என்று பார்க்கும் முன், இந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் யார் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கோயில் தெருவில் இன்னார் மட்டுமே வசிக்கலாம் என்ற பழைய கட்டு இருந்த காலம் உண்டு. அது போனது நல்லதே. இன்று அந்தத் தெருவுக்கு வேண்டியது, மாலையில் விளக்கேற்றி, புறப்பாடு வரும்போது கதவைத் திறந்து வைக்கும் குடும்பம். அது எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி.

மகன் திரும்பிப் பார்த்த இடம்

தலவரலாற்றில் ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். அன்னை அழைத்ததும் முருகப்பெருமான் கயிலைக்குத் திரும்பிவிடவில்லை. பழநிக்குச் சென்றார், அங்கே தமக்கென ஓர் இடம் கண்டார். அதற்காக எவரும் அவரைக் குறைசொன்னதில்லை. ஆனால் தாயின் குரல் கேட்டு அவர் நின்றார், திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணத்துக்காகவே காந்தமலையில் அவருக்குக் கோயில் எழுந்தது.

ஊரை விட்டுச் சென்ற பிள்ளைகள் அனைவரும் திரும்பிவந்து பழைய வீட்டில் குடியேறவேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. பிழைப்பு வேறிடத்தில், பிள்ளைகளின் படிப்பு வேறிடத்தில். ஆனால் வீட்டைக் கைவிடும் முன் ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கலாம். ஒழுகும் ஓட்டை மாற்றலாம். சாவியைக் கொடுக்கும் நாளில், தாயார் ஏற்றிய அகல்விளக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். வாங்கியவர் பால் காய்ச்சிக் கிரகப்பிரவேசம் செய்யும் மாலையில், அதே மாடக்குழியில் அதே அகல் எரியும். வீட்டின் உரிமையாளர் மாறியிருப்பார். காவிரிக்கரைக் காற்று எப்போதும்போல் தெருவுக்குள் வீசும். சில அடி தூரத்தில், அசலதீபேஸ்வரர் சந்நிதியில், அந்தக் காற்றுக்கு அசையாத தீபம் எரிந்துகொண்டிருக்கும்.

செல்லும் வழி: நாமக்கல்லிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், காவிரியின் வடகரையில் உள்ளது மோகனூர். நாமக்கல்லிலிருந்து பேருந்து வசதி உண்டு. 2013இல் இயங்கத் தொடங்கிய சேலம் - நாமக்கல் - கரூர் ரயில் பாதையிலும் மோகனூர் ஒரு நிலையம். கரூர் பக்கமிருந்து வருவோர் வாங்கல் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து வரலாம்.