வலிக்காத புண்

எங்கள் தம்பி 2021-ஆம் ஆண்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தான். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து, நல்ல மெத்தையாகப் பார்த்து மல்லாந்து படுக்கவைத்தோம். அவன் ஒரு நாளும் முனகவில்லை. சௌகரியமாகவே இருக்கிறான் என்று எண்ணினோம்.

உறங்கும் மனிதன் தன்னை அறியாமலே புரண்டு படுக்கிறான். ஒரு பக்கம் அழுந்தினால் உடம்பு செய்தி அனுப்புகிறது. தம்பிக்கோ அந்தத் தந்திக் கம்பியே அறுந்திருந்தது. (ரயில்வே குமாஸ்தாவுக்கு இந்த உவமைதான் வாய்க்கும்!) எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது, இரத்தம் ஓடாமல் மடிந்து போகிறது. மேலே தெரிவது சிறிது. எலும்பையொட்டி உள்ளே நடந்திருக்கும் நாசமோ பெரிது.

இரண்டாம் மாதம் இடுப்பின் பின்புறம், எலும்பு துருத்தும் இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்புக் கண்டது. விரலால் அழுத்தி எடுத்தும் அது வெளுக்கவில்லை. அதுவே அபாயக் குறி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அன்பர் ஒருவர் எண்ணெய் தடவித் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் ரப்பர் வளையம் வாங்கி வந்தார். இரண்டையும் செய்தோம், இரண்டும் தவறு. தேய்த்தால் நைந்த சதை மேலும் நையும். வளையமோ சுற்றிலும் அழுத்தி இரத்தத்தைத் தடுக்கும். பத்து நாளில் அந்த இடம் கறுத்தது. வைத்தியர் செத்த சதையை அறுத்து நீக்கியபோது எலுமிச்சம்பழம் கொள்ளும் பள்ளம் தெரிந்தது. அம்மா அழுதாள். தம்பி மட்டும், “என்ன ஆயிற்று?” என்று கேட்டான்.

“மருந்து நான் தருகிறேன். பாரத்தை எடுப்பது உங்கள் வேலை” என்றார் வைத்தியர்.

1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் செய்ததும் இதுவே. அதுவரை முதுகொடிந்த போர்வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொல்லையாலும் மாண்டு வந்தனர். அவர் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைத்தார். 1948-இல் அங்கே அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னர் பாராலிம்பிக் ஆயிற்று.

நாங்களும் சுவரில் கால அட்டவணை ஒட்டினோம். இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற. பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அம்மா. இரண்டுக்கும் நாலுக்கும் நாங்கள். இழுத்தால் தோல் உரியும் என்பதால், விரிப்போடு தூக்கியே திருப்பினோம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலின் கீழ் ஒன்று. புண்ணை உப்பு நீரால் கழுவிக் கட்டுப் போட்டோம். புண் வழியே உடம்பின் புரதமும் கசிந்து போகிறதாம். ஆகவே முட்டையே நுழையாத எங்கள் அடுக்களையில் தினமும் முட்டை வெந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உரித்துக் கொடுத்தாள்.

புண் மூட ஏழு மாதமாயிற்று. ஆழம் மிகுந்த சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். அது எங்களுக்கு நேரவில்லை. இப்போது தம்பி சக்கர நாற்காலியில் அமர்கிறான். கால்மணிக்கொரு முறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்கிறான். காலையிலும் மாலையிலும் கைக்கண்ணாடியால் பின்புறத்தைத் தானே பார்த்துக்கொள்கிறான்.

நம் சங்கத்துக் குடும்பம் எதற்கேனும் இந்நிலை நேர்ந்திருந்தால், சிவப்புக் காணும் முன்பே எங்கள் வீட்டிற்கு வாருங்கள். தம்பியே எல்லாவற்றையும் செய்து காட்டுவான். எங்கள் தலையணை அடுக்கும் நேர்த்தியைப் பற்றி நாலு குறையும் சொல்வான்.