நற்சான்று மட்டும் போதுமா?

உங்கள் பிள்ளையைக் கால்பந்துப் பயிற்சிக்கோ நீச்சல் பழகவோ அனுப்புகிறீர்கள். பயிற்சி அளிப்பவர் முன்பு எங்கிருந்தார், அங்கிருந்து ஏன் விலகினார் என்று கேட்டறிந்தீர்களா? "தெரிந்த மனிதர்தாமே, விசாரித்தால் அவர் மனம் புண்படுமே" என்று தயங்குவோர் நம்மில் பலர்.

இத்தயக்கத்திற்கு இங்கிலாந்து பெரும் விலை கொடுத்தது. 2002 ஆகஸ்டில் சோஹம் என்னும் சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலை செய்யப்பட்டனர். கொன்றவன் அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளன். வேறொரு பகுதியின் காவல்துறைக்கு அவன்மீது முன்பே பல புகார்கள் வந்திருந்தும், அச்செய்தி பள்ளியை எட்டவில்லை. 2004-இல் வெளியான பிச்சார்ட் விசாரணை அறிக்கை இக்குறையை எடுத்துக்காட்டியது. அதன்பின் விதிகள் கடுமையாயின. 2012 முதல் டி.பி.எஸ். என்னும் அரசு அமைப்பு இச்சோதனையை நடத்துகிறது. சிறார் கால்பந்தின் பயிற்சியாளர்களும் நடுவர்களும் இதற்கு உட்பட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இது பிறரைச் சந்தேகிப்பது ஆகாதா என்று நீங்கள் வினவலாம். திருமறையின் 49-ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், வீண் சந்தேகத்தையும் பிறர் குறைகளைத் துருவுவதையும் தடுக்கிறது. அதே அத்தியாயம்தான், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கவும் பணிக்கிறது. ஒருவரை மட்டும் குறிவைத்துத் துருவுவது வேறு; பொறுப்பேற்கும் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது வேறு.

ஹதீஸ் கலை மேதைகளை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் அவர்கள் ஆராய்ந்தனர். வணக்கசாலி என்பதற்காக எவரையும் விட்டுவிடவில்லை. இதனைப் புறம்பேசுதல் என்று கருதாமல், மார்க்கத்தைக் காக்கும் கடமையெனக் கொண்டனர். முதுமையில் நினைவு தடுமாறியவரின் முற்கால அறிவிப்பை ஏற்று, பிற்கால அறிவிப்பைத் தள்ளினர். ஒருமுறை ஏற்கப்பட்டவர் என்றென்றும் ஏற்கப்பட்டவர் அல்லர் என்பதே இதன் பாடம். நபிமொழிக்கு இத்துணைக் காவல் வேண்டுமெனில், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகிய குழந்தைக்குக் காவல் வேண்டாமா?

எனினும், சான்றிதழ் ஒன்றைப் பெற்றதும் உறங்கிவிடலாகாது. காவல்துறை ஏட்டில் இருப்பவை வெளிப்பட்ட செயல்களே. இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சியாளன் பாரி பென்னல் 1980-களில் சிறுவர்களைச் சீரழித்தான். அவன்மீது முதல் தண்டனை விழுந்ததோ 1990-களில்தான். அதற்கு முன் அவன் ஏட்டைப் புரட்டியிருந்தால் தண்டனை எதுவும் தென்பட்டிருக்காது. 2016-இல் முன்னாள் வீரர்கள் வெளிப்படையாகப் பேசிய பின்னரே அவன் கொடுமையின் முழு அளவும் தெரிந்தது; 2018-இல் அவனுக்கு 31 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. திறமைமிக்க பயிற்சியாளன் என்ற புகழே அவனுக்குத் திரையாக இருந்தது.

ஆகவே, சோதனை முதல் வாயில்தான். அதற்கப்பால் நம் கண்ணும் செவியும் வேண்டும். பூட்டிய அறையில் தனிப் பயிற்சி, தனியே வெளியூர்ப் பயணம், வீட்டுக்குத் தெரியாத பரிசு ஆகியவற்றை எவரிடமும் அனுமதியாதீர்கள். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுங்கள். "இனி அங்கே போகமாட்டேன்" என்று பிள்ளை சொன்னால், சோம்பல் என்று அதட்டாமல் அருகமர்த்திக் கேளுங்கள். குடும்ப மானத்துக்கு அஞ்சிக் குற்றத்தை மூடிவிடாதீர்கள். நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

2022-இல் இங்கிலாந்து ஒரு சட்டத்தைத் திருத்தியது. பதினாறு, பதினேழு வயதினரிடம் ஆசிரியர்கள் பாலுறவு கொள்வதைக் குற்றமாக்கிய அச்சட்டத்தில், விளையாட்டுப் பயிற்சியாளரையும் சமயம் கற்பிப்பவரையும் ஒருசேரச் சேர்த்தது. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு இது சரியென்றே படுகிறது. பிள்ளைகள் எங்கள்மீது கொள்ளும் மரியாதை பெரிது. அதனைத் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பும் பெரிது. எனவே, விளையாட்டுத் திடலில் நீங்கள் கேட்கும் அதே கேள்விகளை மதரஸா வாசலிலும் கேளுங்கள். தூய எண்ணமுடைய உஸ்தாது எவரும் அதனால் புண்படமாட்டார்.

நம் மக்களை வல்ல அல்லாஹ் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.