110 கட்டினால் 100

அமெரிக்காவில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை என்.பி.ஏ. பிளேஆஃப் ஜுரம். பதினாறு கூடைப்பந்து அணிகள், நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்கிற அணி மேலே போகும். கூட்டிப் பார்த்தால் குறைந்தது 60 ஆட்டம், அதிகபட்சம் 105. ரசிகனுக்கு விருந்து. பந்தயம் கட்டுகிறவனுக்கு ஏறக்குறைய தினமும் ஒரு சோதனை.

2018 மே மாதம் அங்கே உச்ச நீதிமன்றம் 1992-ம் வருஷச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பது அந்தந்த மாநிலத்தின் இஷ்டம் என்றாகிவிட்டது. வழக்காடி ஜெயித்த நியூஜெர்சியில் அடுத்த மாதமே கடை திறந்தார்கள். இப்போது கடைக்குக்கூடப் போக வேண்டாம், செல்போன் போதும்.

அந்த நியூஜெர்சியில்தான் என் அண்ணன் மகன் இருக்கிறான். நல்ல வேலை, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். பிளேஆஃப் சமயத்தில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது ஓர் எக்செல் ஷீட்டைக் காட்டினான். "இது சூதாட்டம் இல்ல சித்தப்பா. பேங்க்ரோல் மேனேஜ்மென்ட்."

பேங்க்ரோல் என்றால், போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்று தனியே ஒதுக்கிய பணம். இவனுடையது 1,000 டாலர். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு சதவிகிதம், அதாவது 20 டாலர்தான் கட்டுவான். நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். வரிசையாக ஆறு தோற்றாலும் 120 டாலரோடு போகும். விட்டதைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகக் கட்டுகிற ஆசாமி, 10 டாலரில் ஆரம்பித்தாலும் ஆறாவது தோல்வியில் 630 காலி. ஏழாவதற்கு 640 வேண்டும். கையில் 370. எண்பது ஆட்டம் கட்டினால் நடுவே ஆறு தொடர் தோல்வி வருவது அதிசயமே இல்லை.

2016 ஞாபகமிருக்கிறதா? கோல்டன் ஸ்டேட் அணி 82 ஆட்டத்தில் 73 ஜெயித்து, இறுதிச் சுற்றிலும் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றது. கிளீவ்லேண்ட் அடுத்த மூன்றையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு சூத்திரமே உண்டு. 1956-ல் பெல் லேப்ஸ் விஞ்ஞானி ஜான் கெல்லி எழுதியது. (1961-ல் கம்ப்யூட்டரைப் பாட வைத்தவர்களில் இவரும் ஒருவர்.) அங்கே வழக்கமான விகிதம், 110 டாலர் கட்டினால் லாபம் 100. அந்தப் பத்துதான் கடைக்காரரின் சாப்பாடு. அதனால் நூற்றுக்கு 50 ஜெயித்தால் போதாது, 52.4 வேண்டும். 55 ஜெயிக்கிற ஆளாக இருந்தால் கெல்லி கணக்கில் கையிருப்பில் ஐந்தரை சதவிகிதம் வரை கட்டலாம். பலர் பயந்து அதில் பாதிதான் கட்டுவார்கள்.

"நீ எத்தனை ஜெயிச்சிருக்கே?"

ஷீட் சொன்னது: 140 பந்தயம், 70 வெற்றி. நஷ்டம் சுமார் 127 டாலர். இரண்டு சீஸனுக்கு சினிமாச் செலவு மாதிரி. ஆனால் போனில் இருந்த கணக்கைத் திறக்கச் சொன்னேன். ஆயிரம் ஆயிரமாக நாலு தடவை பணம் போட்டிருந்தான். மிச்சம் 60 டாலர்.

"அதெல்லாம் மேட்ச் நடுவுல சும்மா ஜாலிக்குக் கட்டினது சித்தப்பா. ஷீட்ல சேராது."

நாலாவது ஆயிரம், சின்னவளின் டேகேர் ஃபீஸுக்கு வைத்திருந்தது. மனைவிக்குத் தெரியாது. ஒதுக்கி வைத்த பணத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டியவன், பின்பக்கம் கதவையும் வைத்திருக்கிறான். போனில் இரண்டு தட்டு தட்டினால் திறக்கிற கதவு.

அவனுடைய ஐம்பது சதவிகிதத்தைக் கெல்லி சூத்திரத்தில் போட்டுக் காட்டினேன். மைனஸ் ஐந்து என்று வந்தது.

"மைனஸ்னா எதிர் டீம் மேல கட்டணுமா?"

"அதுக்கும் 110 கட்டினாத்தான்டா 100."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஷீட்டில் 'டெபாசிட்' என்று புதுசாக ஒரு காலம் சேர்த்து, நாலு தேதியும் நாலு தொகையும் அடித்தான். அதை மனைவியிடம் காட்டினானா என்று நான் கேட்கவில்லை.