கணப்பும் தவழும் பிள்ளையும்



ஊரில் வளர்ந்த நமக்கு நெருப்பு என்றால் அடுக்களைதான். விறகடுப்பாயினும் எரிவாயு அடுப்பாயினும் அதற்கென்று ஓர் அறை உண்டு. அந்த அறைக்கு ஒரு வாசற்படி உண்டு. பிள்ளை அதைத் தாண்டினால் தூக்கி வெளியே விட உம்மாவோ ராத்தாவோ அங்கேயே இருப்பார்கள். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் நெருப்பு குடியிருக்கும் இடமே வேறு. வரவேற்பறைச் சுவரில், தரையை ஒட்டி, பிள்ளை விளையாடும் விரிப்பிலிருந்து நான்கு எட்டுத் தொலைவில் அது எரிகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களைப் பார்த்தவர்களுக்குக் கணப்பு என்றால் தெரியும்.

நாங்கள் வாழ்வது விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு. பழைய கணப்பின் குழிக்குள் கண்ணாடிக் கதவு கொண்ட இரும்பு விறகடுப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் மஃரிப் வந்துவிடும் இந்நாட்டில், மாலை முழுவதும் குடும்பம் அதைச் சுற்றித்தான் கூடுகிறது. எங்கள் மகள் தவழத் தொடங்கிய வாரத்தில், தரையில் அமர்ந்து அவளுடைய உயரத்திலிருந்து அந்த மூலையைப் பார்த்தோம். கூரிய விளிம்புள்ள கல் மேடை, கிளறுகோல், இடுக்கி, விறகுக் கூடை, மண்ணெண்ணெய் வாடை வீசும் பற்றவைப்புக் கட்டிகள், மேலே மாடத்தில் கனத்த சட்டமிட்ட ஆயத்துல் குர்ஸி. எல்லாமே பற்றி எழுந்து நிற்கவும் இழுக்கவும் வாயில் வைக்கவும் தோதானவை!

எரியும் நெருப்பைப் பெரியவர்கள் மறப்பதில்லை. அணைந்த நெருப்பைத்தான் மறந்துவிடுகிறார்கள். சுவாலை அடங்கிய பின்னும் கண்ணாடியும் இரும்பும் நெடுநேரம் தகிக்கும். எரிவாயுக் கணப்பின் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறக்கூடியது. நடை பழகும் பிள்ளை தடுமாறினால் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால்தான் ஊன்றும்; சுட்டவுடன் கையை இழுத்துக்கொள்ளும் விரைவும் அதற்கு இல்லை; தோலோ மெல்லியது. அமெரிக்காவில் 2015 ஜனவரி முதல் தயாராகும் கண்ணாடி முகப்பு எரிவாயுக் கணப்புகளுக்கு, கண்ணாடி ஏறத்தாழ 78 டிகிரியைத் தாண்டுமானால் வலைத்தடுப்பும் சேர்த்தே தரவேண்டும் என்று தர விதி வந்தது. அதற்கு முந்திய கணப்புள்ள வீட்டில் இருப்பவர்கள் தாமே தேடி வாங்க வேண்டியதுதான்.

வாங்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தீப்பொறி தெறிக்காதிருக்க முன்னால் நிறுத்தும் வலைத்தட்டி வேறு. பிள்ளைகளுக்கான தடுப்பு வேறு. முன்னதைப் பிள்ளை ஒரே தள்ளில் சாய்த்துவிடும். பின்னது முன்புறத்தையும் இரு பக்கங்களையும் மறைத்து, கல் மேடையையும் உள்ளடக்கி, சுவரில் கொக்கியால் இறுக்கப்பட்டிருக்கும். பிரிட்டனில் இதற்கான தர எண் பி.எஸ். 8423. தடுப்பின் கம்பியே சூடாகிவிடாத அளவுக்கு அடுப்பிலிருந்து இடைவெளி வேண்டும். அதன்மீது ஈரத் துணி உலர்த்துவதை எங்கள் வீட்டில் அறவே தடை செய்திருக்கிறோம். கல் விளிம்புக்குச் சாதாரணப் பஞ்சுப்பட்டை ஒட்டினால் அதுவே தீப்பற்றும். வெப்பம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வாடகை வீடானால், சுவரில் துளையிட உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது.

ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் உம்மாவுக்கு இந்த ஏற்பாடு சற்று மிகையாகவே பட்டது. “விறகடுப்பிலே சமைச்சுத்தான் உங்க ஆறு பேரையும் வளர்த்தேன். அல்லாஹ் பார்த்துக்குவான்” என்றார்கள். அல்லாஹ்வே பாதுகாவலன் என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் மதீனாவில் ஒரு வீடு இரவில் அதில் இருந்தவர்களோடு தீப்பற்றிய செய்தி எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்றும் உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. மற்றோர் அறிவிப்பில், எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்ற காரணமும் வருகிறது. ஓர் எலி என்ன செய்யும் என்பது வரை எண்ணிப் பார்த்த வழிகாட்டுதல் அது. ஒரு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று எண்ணுவது எப்படி மிகையாகும்? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு வைப்பதை நாங்கள் நிறுத்திவிடுகிறோம்.

உம்மாவின் மனத்தை மாற்றியது ஹதீஸை விட கிப்லா என்றே சொல்லலாம். இங்கே கிப்லா தென்கிழக்கு. எங்கள் கணப்போ வடக்குச் சுவரில். தொழ நிற்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் நெருப்பு. பிள்ளை தீயை நோக்கிப் போனால் தொழுகையை முறித்துக் காப்பாற்றுவதே கடமை என்பது ஃபிக்ஹு அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஸஜ்தாவில் இருப்பவர் அதைப் பார்ப்பது எப்படி? உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று தாமே அசைத்துப் பார்த்தார்கள்.

இந்நாட்டுச் சட்டமும் இதில் பழையது. 1908ஆம் ஆண்டின் சிறார் சட்டம், தடுப்பில்லாத கணப்புள்ள அறையில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளையை விட்டு, அதனால் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால் பொறுப்பாளருக்குத் தண்டம் விதித்தது. 1933இன் சட்டத்திலும் அது தொடர்ந்தது; 1952இல் வயது 12 ஆக உயர்த்தப்பட்டது.

சாம்பலையும் மறக்கலாகாது. உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்விக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே அதை உணரும் எச்சரிக்கைக் கருவி கணப்புள்ள அறையிலேயே இருக்க வேண்டும்.

தற்செயலாகச் சுட்டுவிட்டால், பற்பசை, மை, தோசை மாவு, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் தொடங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். நம் பிள்ளைகளின் கைகளில் இவை எப்போதும் இருக்கின்றன அல்லவா? ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. உடலின் மற்ற பாகம் குளிராதபடி போர்த்தி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விருந்துக்குப் போகும் வீடுகளில்தான் இன்னும் சங்கடம். கணப்பு எரிகிறதா, தடுப்பு உண்டா என்று இப்போது தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறோம். சென்ற மாதம் ஒரு வீட்டார் நாங்கள் கேட்டதும் நெருப்பு மூட்டாமலே இருந்து, எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பளி தந்தார்கள்.